வேப்பூர் வெயிலைக் கடலூரில் உட்கார்ந்து கணக்கிட்டது: 3 கி.மீ. மாடல் ஓட்டிய பதிவு

கணினியில் வானிலையைக் கணக்கிடும் டபிள்யூ.ஆர்.எஃப். மாடலை ஓட்டியதில், மூன்றாவது முயற்சியில்தான் கடலூர் மாவட்டத்தின் மேற்கே உள்ள வேப்பூர், திட்டக்குடி பக்கத்துக்கான மே மாத வெப்பநிலை நம்பும்படியாக வந்தது. முதல் இரண்டு முயற்சியில் கெட்டதற்கு மாடலின் இயற்பியல் பெரிய காரணம் இல்லை. மாடல் நிலத்தைப் பிரிக்கும் சதுரங்களில் எந்தக் கட்டத்து எண்ணை எடுத்தோம், எந்த மணியிலிருந்து நாளைக் கணக்கிட்டோம், எந்த ஊர் மானியை வைத்துத் திருத்தினோம் என்பதில்தான் தப்பு. அதனால் அந்த மூன்றையும் விரிவாக எழுதுகிறேன், மற்றதைச் சுருக்கமாக.

கடலூர் மாவட்டம் 3,678 சதுர கி.மீ. மழைமானிகள் தாலுகாவுக்குத் தாலுகா இருப்பதால் மழைக்கு அவ்வளவு பஞ்சமில்லை. வெப்பநிலை, ஈரப்பதம், காற்று என்று வந்தால் நிலைமை வேறு. இடைவெளி இல்லாத நீண்ட பதிவாக என் கைக்குக் கிடைத்தவை கடலூர், புதுச்சேரி ஆய்வகங்கள் இரண்டும்தான். இரண்டுமே கடலோரம். திட்டக்குடி கடலிலிருந்து ஏறத்தாழ எழுபது கி.மீ. உள்ளே இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்ட வடிவ வெப்பநிலைத் தொகுப்பு 1 டிகிரி அளவில் வருகிறது. அதில் ஒரு கட்டமே சுமார் 12,000 சதுர கி.மீ., அதாவது நம் மாவட்டத்தைப் போல மூன்று மடங்கு. ஐரோப்பிய வானிலை மையம் பழைய அளவீடுகளையும் மாடலையும் சேர்த்துத் திரும்பக் கணக்கிட்டுத் தரும் மறுபகுப்பாய்வான எரா-5 கால் டிகிரி. அதில் மாவட்டம் முழுக்க ஐந்து கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. டபிள்யூ.ஆர்.எஃப். மாடலை 3 கி.மீ. அளவில் ஓட்டினால் நானூறு கட்டம் கிடைக்கும். வேலை தொடங்கியது இந்தக் கணக்கில்தான்.

மெஷினும் செலவும்

8 கோர் பிராசஸர், 32 ஜி.பி. ரேம், 1 டி.பி. எஸ்.எஸ்.டி. கொண்ட ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப், 42,000 ரூபாய். உபுண்டு, ஜி.ஃபோர்ட்ரான், நெட்சிடிஎஃப், எம்.பி.ஐ. என்று மாடலுக்கு வேண்டிய மென்பொருள் எல்லாம் இலவசம். மாடலும் இலவசம், எரா-5 தரவும் இலவசம். நிலப்பயன்பாடு, உயரம், மண் வகை அடங்கிய நிலவியல் தரவு மட்டும் விரித்தபின் முப்பது ஜி.பி. அளவு இடம் பிடிக்கிறது. ஒரு யு.பி.எஸ். 3,200 ரூபாய். இதைப் பிறகுதான் வாங்கினேன், முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். அறுபது மணி நேரம் ஓட வேண்டிய ரன் ஐம்பதாவது மணியில் கரண்ட் கட்டாகி நின்றால், விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் ரீஸ்டார்ட் ஃபைல் இல்லாதபோது முதலிலிருந்துதான். ரீஸ்டார்ட் இடைவெளியை 360 நிமிடம் என்று வையுங்கள். இடம் கொஞ்சம் தின்னும், பரவாயில்லை.

மெஷின் ஓடும்போது சுமார் 180 வாட் இழுக்கிறது, ஒரு நாளைக்கு 4.3 யூனிட். கீழே சொல்லும் அமைப்பில் ஒரு நாள் வானிலையைக் கணக்கிட இரண்டு மணி நேரம் போகிறது. ஒரு மாதத்துக்கு 62 மணி நேரம், 11 யூனிட் சுமார். 8 கோருக்கு 16 த்ரெட் காட்டுகிறதே என்று 16 பிராசஸ் கொடுத்துப் பார்த்தேன். வேகம் கூடவில்லை, சூடுதான் கூடியது. 8 போதும்.

கம்பைல் முடிந்து முதல் ரன் எந்தச் செய்தியும் இல்லாமல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுந்தால், ஃபைலைச் சந்தேகிக்கும் முன் டெர்மினலில் ஸ்டாக் அளவை அன்லிமிடட் ஆக்குங்கள். பாதிப் பேருக்கு அதுதான் வியாதி.

தரவு இறக்குவது

எரா-5-ஐ கோபர்நிகஸ் தளத்திலிருந்து இறக்கும்போது எல்லை கொடுக்க மறந்தால் உலகம் முழுக்க வரும். 37 அழுத்த மட்டம், ஐந்து மாறிகள் என்றால் ஒரு நேரத்துக்கே 380 எம்.பி. வடக்கு 20, தெற்கு 3, மேற்கு 71, கிழக்கு 89 என்று வெட்டினால் நேரத்துக்கு 2 எம்.பி.க்குள். மூன்று மணிக்கொரு முறை எடுத்தாலும் ஒரு மாதம் அரை ஜி.பி.யைத் தாண்டாது.

தரைமட்டத் தரவில் நான்கு மண் அடுக்குகளின் வெப்பம், ஈரம், கடல்பரப்பு வெப்பநிலை, தரை அழுத்தம் ஆகியவற்றோடு நிலம்-கடல் முகமூடியையும் மறக்காமல் டிக் செய்யுங்கள். நான் விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால், இந்தத் தரவை மாடலின் கட்டங்களுக்கு மாற்றும் மெட்கிரிட் நிரல் எது நிலம், எது கடல் என்று தெரியாமல் மண் தரவைக் கடற்கரையோரம் கலக்கிவிடும். நமக்கு வேண்டிய இடமே கடற்கரை என்பதால், இங்கே கெட்டால் பிறகு எதைத் திருத்தியும் பயனில்லை.

கட்டம் போடுவது: முதல் தவறான திருப்பம்

பழக்கத்தில் 27, 9, 3 கி.மீ. என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடுக்கு போட்டேன். எரா-5 ஏற்கெனவே 31 கி.மீ. அளவு. 27 கி.மீ. அடுக்கு அதையே திரும்பச் சொல்கிறது, நேரம் மட்டும் வீண். அதை எடுத்துவிட்டு வெளி அடுக்கு 9, உள் அடுக்கு 3 என்று வைத்ததும் ஒன்றும் குறையவில்லை.

அடுத்தது ஓரம். உள் அடுக்கை 181 புள்ளிக்கு, மையம் கிழக்கு 79.3 என்று வைத்திருந்தேன். பக்கத்துக்கு 270 கி.மீ. என்று கணக்கிட்டால் மேற்கு ஓரம் 76.8-இல், குன்னூர் சரிவின் மேலேயே விழுகிறது. அடுக்கின் ஓரத்தில் மலை இருந்தால் வெளி அடுக்கின் மலை உயரமும் உள் அடுக்கின் மலை உயரமும் ஒட்டாது. அந்த இடத்தில் செங்குத்துக் காற்று எகிறி, சி.எஃப்.எல். மீறல், அதாவது ஒரு கணக்கீட்டு அடிக்குள் காற்று கட்டத்தைத் தாண்டுகிறது என்று, லாக் ஃபைலில் வரிசையாக வந்து ரன் நின்றது. ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் இடையிலான நேர அடியைக் குறைத்துக் குறைத்து இரண்டு நாள் போயிற்று. கடைசியில் கட்டத்தை நகர்த்தியதும் சரியானது.

இப்போது இருப்பது இது. மையம் வடக்கு 11.6, கிழக்கு 79.8. இரண்டு அடுக்குக்கும் 151 × 151 புள்ளி. வெளி அடுக்கு 1,350 கி.மீ., இலங்கை முழுவதும் உள்ளே வருகிறது. உள் அடுக்கு 450 கி.மீ., மேற்கு ஓரம் ஈரோட்டுச் சமவெளியை ஒட்டி. கிழக்கே கடல் நிறைய இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அங்கிருந்துதான் வருகிறது, அதனால் அந்தப் பக்கம் கஞ்சத்தனம் கூடாது. புள்ளி எண்ணிக்கையிலிருந்து 1 கழித்தால் 3-ஆல் வகுபட வேண்டும் என்ற விதியும் ஒத்துப்போகிறது. செங்குத்தில் 40 மட்டம், உச்சி 50 ஹெக்டோபாஸ்கல். நேர அடி வெளியே 45 விநாடி, உள்ளே 15. கி.மீ.க்கு 6 விநாடி வரை போகலாம் என்பார்கள். 5-இல் நின்றால் நிம்மதி, தவிர 45 விநாடி 3,600-ஐ மிச்சமில்லாமல் வகுப்பதால் மணிவாரி வெளியீடும் சரியாக விழுகிறது. புயல் நாட்களுக்கு மட்டும் 30, 10.

இயற்பியல் திட்டங்களில் மேகத்துக்கு தாம்சன், தரையை ஒட்டிய காற்றான எல்லைப் படலத்துக்கு ஒய்.எஸ்.யு., நிலத்துக்கு நோவா, கதிர்வீச்சுக்கு ஆர்.ஆர்.டி.எம்.ஜி. மேகத்திரள் திட்டமான கெயின்-ஃப்ரிட்ச் 9 கி.மீ.யில் மட்டும். 3 கி.மீ.யில் அதை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரே மழையை மாடல் இரண்டு வழியாகப் பெய்விக்கும்.

வெளியீட்டில் எல்லா மாறியையும் எழுதவிட்டால் ஒரு மணிக்கு ஓர் அடுக்குக்கு 90 எம்.பி. வரை ஆகும். மாதத்துக்கு 65 ஜி.பி. முப்பரிமாண மாறிகளை வெளியீட்டிலிருந்து நீக்கும் சின்ன டெக்ஸ்ட் ஃபைல் ஒன்று எழுதிக் கொடுத்தால் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது.

வீராணம்

மே மாத ரன்னின் முதல் வரைபடத்தில் காட்டுமன்னார்கோவில் பக்கம் நீளவாக்கில் ஒரு குளிர்ந்த திட்டு பகல் முழுக்க அசையாமல் கிடந்தது. பார்த்தால் வீராணம் ஏரி. பதினாறு கி.மீ. அளவு நீளம் என்பதால் 3 கி.மீ. கட்டத்தில் ஐந்தாறு கட்டம் பிடிக்கிறது. மாடலின் நிலப்பயன்பாட்டு வரைபடம் அதை வருஷம் முழுக்கத் தண்ணீர் என்றே வைத்திருக்கிறது. உள்நாட்டு நீர்ப்பரப்புக்குத் தனியாக வெப்பநிலை இல்லாததால் எங்கோ இருக்கும் கடலின் வெப்பநிலையை இழுத்து வந்து ஒட்டிவிடுகிறது.

ஏரியில் தண்ணீர் இருக்கும் மாதங்களுக்கு வழி எளிது. ஏரிகளைத் தனி வகையாகக் காட்டும் நிலவரைபடத்தைத் தேர்ந்தெடுத்து, ஏ.வி.ஜி.-டி.எஸ்.எஃப்.சி. என்ற சிறு நிரலை ஓட்டினால் சுற்றுப்புறக் காற்றின் சராசரி வெப்பநிலையை ஏரிக்குக் கொடுத்துவிடும். கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும் மாதத்துக்கு அது போதாது, கட்டத்தையே நிலமாக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டு நிலவகை எண்ணை மட்டும் 21-இலிருந்து 12-க்கு, அதாவது ஏரியிலிருந்து பயிர்நிலத்துக்கு மாற்றினேன். மாடலின் தொடக்க நிலையைத் தயாரிக்கும் ரியல் நிரல், முகமூடியும் நிலவகையும் பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்: நிலவகை எண், நிலவகைப் பங்கு, நிலம்-கடல் முகமூடி, மண் வகை. மண் வகையில் 14 என்பது தண்ணீர், அதைக் களிமண்ணுக்கான 12 ஆக்கினேன். மாற்றும் முன் மூல ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நவம்பருக்கு மறுபடி ஏரி வேண்டும்.

எந்தக் கட்டம்?

கடலூர் ஆய்வகத்துக்கு மிக அருகில் இருக்கும் கட்டத்தின் எண்ணை எடுத்து வரைந்தால், மே மாத வெப்பநிலை பகலிலும் இரவிலும் கிட்டத்தட்ட ஒரே கோடாகப் போனது. மதியத்தில் கூட ஏற்றம் இல்லை. அந்தக் கட்டம் கடல். மாடலின் கரை நிஜக் கரையை 3 கி.மீ. படிகளாக வெட்டுகிறது. தேவனாம்பட்டினத்துக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் நடுவில் அது எங்கே வெட்டும் என்பது அதிர்ஷ்டம். அதனால் மிக அருகில் உள்ள கட்டம் என்று எடுக்கக் கூடாது, மிக அருகில் உள்ள நிலக் கட்டம் என்று எடுக்க வேண்டும். முகமூடி 1 ஆக உள்ளவற்றில் மட்டும் தேடும்படி இரண்டு வரி சேர்த்தால் போதும்.

எரா-5-ஐ நேரடியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே பிரச்சினை, அதைவிட மோசமாக. வடக்கு 11.75, கிழக்கு 79.75 என்ற அதன் புள்ளி கடலூர்க் கரையை ஒட்டியே இருக்கிறது. அந்தக் கட்டத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போல் கடல். அதில் வரும் பகல் உச்சம் ஊருக்கும் இல்லை, கடலுக்கும் இல்லை.

உயரத்தையும் பாருங்கள். மாடல் கட்டத்தின் உயரமும் மானி இருக்கும் இடத்தின் உயரமும் 50 மீட்டர் வேறுபட்டால், கி.மீ.க்கு 6.5 டிகிரி என்ற கணக்கில் 0.3 டிகிரி அங்கேயே போய்விடும். கடலூரில் இது பொருட்டில்லை. சேலம், வேலூர் பக்கம் பொருட்டு.

எந்த மணியிலிருந்து ஒரு நாள்?

மழைக்கு 2024 நவம்பர் கடைசியை எடுத்தேன். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று பெய்தது. டிசம்பர் 1 காலை வரையான 24 மணி நேரத்தில் புதுச்சேரியிலும் மயிலத்திலும் 40 செ.மீ.க்கு மேல்.

முதல் ஒப்பீட்டில் மாடல் ஒரு நாள் முந்தியே எல்லா மழையையும் கொட்டிவிட்டதாகத் தெரிந்தது. உண்மையில் மாடல் முந்தவில்லை. நம் நாட்டில் மழையளவு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை, அதுவும் அளந்த நாளின் தேதியில் பதியப்படுகிறது. டிசம்பர் 1 என்று எழுதியிருக்கும் மழை நவம்பர் 30 காலை 8.30-க்குத் தொடங்கியது. மாடல் உலக நேரத்தில் நள்ளிரவுக்கு நாளை மாற்றுகிறது, அது நமக்கு அதிகாலை 5.30. நான் அந்த நாளை வைத்துக் கூட்டியிருந்தேன்.

சரியான முறை இது. 8.30 என்பது உலக நேரம் 03 மணி. மாடல் காட்டும் மழை, ரன் தொடங்கியதிலிருந்து கூடிக்கொண்டே போகும் மொத்தம். டிசம்பர் 1, 03 மணி மொத்தத்திலிருந்து நவம்பர் 30, 03 மணி மொத்தத்தைக் கழித்து, டிசம்பர் 1 என்று பெயரிட வேண்டும். மேகத்திரள் திட்டம் தரும் மழை ரெயின்சி, மற்றது ரெயின்என்சி என்று இரண்டு மாறி உண்டு. உள் அடுக்கில் மேகத்திரள் திட்டத்தை அணைத்திருப்பதால் முதலாவது சுழியமாக இருக்கும், வெளி அடுக்கில் இரண்டையும் கூட்ட வேண்டும். எரா-5 அப்படி இல்லை. அதன் மணிவாரி மழை அந்த மணிக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்கானது, அலகும் மீட்டர். ஆகவே 04 மணி முதல் மறுநாள் 03 மணி வரை உள்ள 24 எண்களைக் கூட்டி ஆயிரத்தால் பெருக்க வேண்டும்.

இதைச் சரிசெய்த பிறகும் மழைக் கரு நிஜத்தில் விழுந்த இடத்தில் விழவில்லை, கொஞ்சம் தள்ளி விழுந்தது. இதற்காக மாடலைத் தூக்கி எறிய வேண்டாம். புயல் மையம் இருபது கி.மீ. விலகினாலே ஓர் ஊர் மழை வேறாகிவிடும். புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுவதை விட்டு, மானியைச் சுற்றி 15 கி.மீ.க்குள் மாடல் காட்டும் உச்சம் என்ன, எத்தனை பங்கு கட்டம் 20 செ.மீ.யைத் தாண்டியது என்று பார்ப்பது நியாயமான சோதனை. ஓர் ஊருக்கு இத்தனை மி.மீ. என்று இதிலிருந்து யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, நாற்பது நாளை ஒரே மூச்சில் ஓட்டியபோது மூன்றாவது வாரத்தில் தாழ்வு மண்டலம் மாடலில் வேறெங்கோ போயிற்று. மழைக்கு இப்போது ஒவ்வொரு நாளையும் தனியாக ஓட்டுகிறேன். உலக நேரம் 15 மணிக்கு, அதாவது இரவு 8.30-க்குத் தொடங்கி 36 மணி நேரம். முதல் 12 மணி நேரம் மாடல் நிலைகொள்ள, அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். மிச்ச 24 மணி நேரம் 8.30 முதல் 8.30 வரை கச்சிதமாக உட்காருகிறது. கணக்கிடும் நேரம் ஒன்றரை மடங்கு ஆகிறது, ஆனால் புயல் தன் இடத்தில் நிற்கிறது.

வெப்பநிலைக்கு இந்த முறை ஆகாது. தினமும் புதிதாகத் தொடங்கினால் மண்ணின் ஈரமும் தினமும் எரா-5-க்கே திரும்பிவிடும். மே மாதத்தை ஏப்ரல் 20-இலேயே தொடங்கி, தொடர்ச்சியாக ஓட்டி, வெளி அடுக்கில் மட்டும், எல்லைப் படலத்துக்கு மேலே மட்டும், காற்றையும் வெப்பநிலையையும் ஸ்பெக்ட்ரல் நட்ஜிங் மூலம் எரா-5 பக்கம் மெல்ல இழுத்துப் பிடித்தேன். அலை எண் 2, அதாவது 675 கி.மீ.க்கு மேற்பட்ட பெரிய அமைப்புகள் மட்டும் பிடியில். ஈரப்பதத்தைத் தொடவில்லை. கடல்காற்று மாடலின் சொந்த வேலையாகவே இருக்க வேண்டும்.

எந்த ஊர் மானியால் திருத்துவது?

இரண்டாவது முயற்சி கெட்டது இங்கேதான், என் கணிப்பில் இந்த வேலையின் உயிரும் இங்கேதான். கடலூர், புதுச்சேரி பகல் உச்சத்தோடு ஒப்பிட்டபோது மாடல் சூடாக இருந்தது. மாடலில் கடல்காற்று தாமதமாகக் கரையேறியதுதான் காரணம். நிஜத்தில் காற்று வந்து உச்சத்தை வெட்டிய பிறகும் மாடலில் வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு ஊரின் சராசரி வித்தியாசத்தை எடுத்து மாவட்டம் முழுக்கக் கழித்தேன். கடற்கரை அழகாகப் பொருந்தியது. வேப்பூர் குளிர்ந்துவிட்டது.

குளிர்ந்தது தெரிந்ததே அங்கே ஒரு மக்காச்சோளக் கொல்லை ஓரத்தில் சென்சார் வைத்திருந்ததால். ஈ.எஸ்.பி.32 போர்டு, எஸ்.எச்.டி.31 சென்சார், பேட்டரி, பெட்டி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். நிழற்கூண்டுக்கு ஆறு வெள்ளை பிளாஸ்டிக் தட்டு. நடுவில் துளையிட்டு, கவிழ்த்து, 2 செ.மீ. இடைவெளிக்குக் குழாய்த் துண்டு போட்டு, 6 மி.மீ. திருகுக் கம்பியில் கோத்தது. மெல்லிய தட்டு வெயிலை உள்ளே விடும், மேல் இரண்டு தட்டின் அடியில் அலுமினியத் தாள் ஒட்டியே ஆக வேண்டும். முதலில் மோட்டார் கொட்டகையின் சிமென்ட் சுவரில் மாட்டியிருந்தோம். சாயங்காலம் ஏழு மணி வரை சுவர் விடும் சூட்டையே அது அளந்தது. பிறகு திறந்த வெளியில், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டரில் கம்பம் நட்டு மாற்றினோம். இடம் மாற்றும் முன் எடுத்த பதிவு எதையும் பயன்படுத்தவில்லை.

அந்தப் பதிவோடு வைத்தால் திருத்திய மாடல் ஒன்றரை டிகிரிக்குக் குறையாமல் கீழே. திருத்தாத மாடலே மேல். கடல்காற்றுக்காகச் செய்த திருத்தத்தைக் கடல்காற்று உச்ச வெயிலுக்கு முன் எட்டாத ஊருக்குப் போட்டால் வேறென்ன ஆகும்?

மூன்றாவது முயற்சியில் மாவட்ட எல்லையைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன். உள் அடுக்குக்குள் திருச்சி, சேலம், வேலூர் இருக்கின்றன, மூன்றும் உள்நாட்டு நிலையங்கள். காரைக்கால், நாகப்பட்டினம், சென்னை கடலோரம். வேப்பூருக்குத் தூரத்தில் கடலூர்தான் கிட்டே, ஆனால் காற்றின் கணக்கில் திருச்சிதான் சொந்தம். ஒவ்வொரு கட்டத்துக்கும் கடலிலிருந்து எத்தனை கி.மீ. என்று ஒரு வரைபடம் செய்து, திருத்தத்தை அந்தத் தூரத்தின்படி மாற்றினேன். முதல் 15 கி.மீ. கடலோர நிலையங்களின் திருத்தம், 60 கி.மீ.க்கு அப்பால் உள்நாட்டுத் திருத்தம், நடுவில் நேர்கோட்டில் இறக்கம். உச்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் தனித்தனி. உச்சத்தை மணிவாரி எண்ணிலிருந்து எடுக்காமல், மாடல் ஒவ்வொரு நேர அடியிலும் பார்த்துவைக்கும் உச்சக் கோப்பிலிருந்து எடுத்தேன். கடல்காற்று வெட்டும் இடத்தில் உச்சம் இரண்டு மணிக்கு நடுவில் விழுந்துவிடும்.

சோதிக்கும் விதம்: ஒரு நிலையத்தை ஒளித்துவைத்து, மற்றவற்றால் திருத்தி, ஒளித்ததோடு ஒப்பிடுவது. திருச்சியை ஒளித்தபோதும் தாங்கியது, காரைக்காலை ஒளித்தபோதும் தாங்கியது. வேப்பூர் சென்சாரைத் திருத்தத்தில் சேர்க்கவே இல்லை, கடைசிச் சோதனைக்கு மட்டும் வைத்தேன். அதிலும் பகல் உச்சம் ஒரு டிகிரிக்குள் நின்றது. பண்ருட்டி, நெய்வேலி வட்டாரம்தான் இன்னும் சந்தேகம். 15-க்கும் 60-க்கும் நடுவில் அந்த நேர்கோடு என் ஊகம், அதைச் சரிபார்க்க அங்கே மானி இல்லை.

அடுத்த தடவை மாற்றப்போவது: முதலில் சென்சார், பிறகுதான் மாடல். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விருத்தாசலம், வேப்பூர் என்று கடலிலிருந்து மேற்கே ஒரே வரிசையில் நான்கு கூண்டு. எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்குள் முடியும். நட்ஜிங் குணகத்தைப் பாதியாக்கி ஒரு ரன், எல்லைப் படலத்துக்கு எம்.ஒய்.ஜே. திட்டம் போட்டு ஒரு ரன், கடல்காற்று கரையேறும் மணியை மட்டும் ஒப்பிட வேண்டும். கூண்டுக்கான தட்டு வாங்கியாயிற்று. முதல் கம்பம் பண்ருட்டிக்கு மேற்கே ஒரு முந்திரித் தோப்புக்கு வெளியே, நிழல் விழாத இடமாகப் பார்த்து நட வேண்டும்.